வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நியூயார்க்கில் இருக்கும் என் மகளைப் பார்க்க இடையில் எங்கும் இறங்காத விமானத்தில் போய் வந்தேன். புறப்படுவதற்கு முன் தூரத்தைத் தேடிப் பார்த்தபோது ஓரிடத்தில் 15,349 கிலோமீட்டர் என்றும், இன்னோரிடத்தில் 15,340 என்றும், பழைய செய்தி ஒன்றில் 16,700 என்றும் போட்டிருந்தது. இவற்றில் எது சரி? மேலும், போகும்போது என் இருக்கைத் திரையில் விமானம் ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் பெருங்கடலின் மேல் செல்வதாகக் காட்டியது. திரும்பும்போதோ அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வந்தது. ஒரே ஊருக்குப் போகவும் வரவும் எதிரெதிர் வழிகளா? – வாசகி, சிங்கப்பூர்.

பதில்: அம்மா, நீங்கள் பார்த்த மூன்று எண்களுமே சரியானவைதாம். அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதல் எண்ணைப் பார்ப்போம். உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளத்தால் உருண்டையை இரண்டு சம பாதிகளாக வெட்டினால் விளிம்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். அதன் ஒரு துண்டுதான் நமக்குரிய பாதை. சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகையிலும், நியூயார்க்கின் ஜான் எப். கென்னடி விமான நிலையம் வடக்கே 40.64 பாகையிலும் இருக்கின்றன. முன்னது கிழக்குத் தீர்க்கரேகை 103.99இலும், பின்னது மேற்குத் தீர்க்கரேகை 73.78இலும் உள்ளன. இந்த நான்கு எண்களை வைத்துக் கணக்கிட்டால் பூமியின் மையத்தில் ஏறத்தாழ 138 பாகைக் கோணம் கிடைக்கிறது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பூமியை முழு உருண்டையாகக் கொண்டு கணக்கிடுபவர்களுக்கு 15,340 கிலோமீட்டரை ஒட்டிய எண் வருகிறது. துருவங்களில் பூமி சற்றே தட்டையாக, மையத்திலிருந்து துருவத்துக்கு உள்ள தூரம் நிலநடுக்கோட்டுக்கு உள்ளதைவிட 21 கிலோமீட்டர் குறைவாக இருப்பதையும் சேர்த்துக்கொள்பவர்களுக்கு 15,349 கிலோமீட்டர் வருகிறது. பத்துக் கிலோமீட்டர் வேறுபாட்டின் காரணம் இவ்வளவுதான்.

மூன்றாவது எண்ணான 16,700 கிலோமீட்டர், 2018ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரை ஒட்டிய நுவார்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் அறிவித்த தூரம். நுவார்க்குக்கும் கென்னடிக்கும் சாங்கியிலிருந்து உள்ள பெருவட்டத் தூரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நிறுவனம் சொன்னது உருண்டையின் மேல் அளந்த தூரத்தை அன்று. விமானம் நடைமுறையில் பறந்து கடக்க வேண்டிய வழியின் நீளத்தை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது.

என் மேசையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலக உருண்டை இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று, பூத்தொடுக்கும் நூலில் கொஞ்சம் எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூர்ப் புள்ளியின் மேல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துப் பிடித்தேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறி, உருண்டையின் உச்சியில் இருக்கும் அச்சாணிக் குமிழை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்கி, கிரீன்லாந்தின் வடமேற்கு விளிம்பு, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் மாநிலம் வழியாக நியூயார்க்கை அடைந்தது. நூலை அளந்தால் 36 சென்டிமீட்டர். இந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 425 கிலோமீட்டர் என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. கணக்கின்படி இந்தப் பாதை வட துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிச் செல்கிறது. பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் இதைக் காண முடியாது. அந்த வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் அளவுகோலால் இணைத்துக் கோடு போட்டு, திசைமானியில் அந்த ஒரே கோணத்தை வைத்துக்கொண்டு பறந்தால் சுமார் 18,500 கிலோமீட்டர் பறக்க நேரிடும். நேராகத் தோன்றும் அந்தக் கோடு, வளைந்து தோன்றும் பாதையைவிட 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. அதாவது சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஒரு முழுப் பயணத்தைவிடவும் அதிகம்.

இனி உங்கள் திரையில் கண்ட வழிக்கு வருகிறேன். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் தீர்க்கரேகை வேறுபாடு ஏறக்குறைய 178 பாகை; 180 என்றால் அவை பூமியின் சரியான எதிரெதிர்ப் பக்கங்கள் ஆகிவிடும். ஆகவே கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நியூயார்க்குக்கு ஏறத்தாழ சம தூரம்தான். இப்படிப்பட்ட இரண்டு ஊர்கள் வாய்ப்பது அரிது. விமானங்கள் பறக்கும் உயரத்தில், பூமியின் நடு அகலாங்குகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஆறு போலக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். போகும்போது ஜப்பானுக்கு அருகே அந்த ஆற்றில் இறங்கிப் பசிபிக்கின் மேல் கிழக்கு நோக்கிச் செல்கிறது விமானம். திரும்பும்போதும் அதே ஆற்றின் போக்கில் அட்லாண்டிக்கின் மேல் கிழக்கு நோக்கியே வருகிறது. தூரம் கூடினாலும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எரிபொருளும் நேரமும் மிச்சமாகின்றன. எல்லா நாளும் இப்படித்தான் என்று கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாளும் காற்றின் நிலையைப் பார்த்தே வழி வகுக்கப்படுகிறது. ஆனால் உங்கள் பயணத்தில் இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே சென்றிருக்கிறீர்கள். ஆகவே, அம்மா, மகளைப் பார்க்கப் போய் வந்த அந்த ஒரே பயணத்தில் நீங்கள் இந்தப் பூமியை ஒரு முறை முழுவதுமாகச் சுற்றி வந்திருக்கிறீர்கள்.

கேள்வி: தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்தோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் 15,349 கிலோமீட்டருக்குப் பதினேழு மணி நேரம்தானே ஆக வேண்டும்? பயணச் சீட்டில் பதினெட்டரை மணி நேரம் என்று போடுவது ஏன்? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: வகுத்தல் சரிதான். வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களுமே மாறக்கூடியவை என்பதுதான் சிக்கல். தூரம் எப்படி மாறுகிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன். வேகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது விமானம் தன்னைச் சூழ்ந்திருக்கும் காற்றுக்குள் செல்லும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையை வைத்துப் பார்க்கும் வேகம் வேறாகிவிடும். ஆற்றோட்டத்தோடு போகும் படகையும் எதிர்த்து வரும் படகையும் வைத்து நாம் அனைவரும் போட்ட கணக்குதான் இது. 9,000 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், காற்றில்லாத நாளில் கடந்தால் போக 10 மணி, வர 10 மணி, ஆக மொத்தம் 20 மணி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால், போகும்போது 9 மணி நேரத்தில் சேரலாம். எதிர்க்காற்றில் திரும்புவதற்கு 11 மணி 15 நிமிடம் ஆகும். மொத்தம் 20 மணி 15 நிமிடம். போகும்போது கிடைத்ததும் வரும்போது இழந்ததும் சரியாகப் போய்விடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். காற்று ஒருபோதும் அப்படிக் கணக்கைத் தீர்ப்பதில்லை. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்க நேர்வதால் இழப்பே எப்போதும் கூடுதல்.

100 கிலோமீட்டர் என்று எளிமைக்காகச் சொன்னேன். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்று மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி. 1920களில் தாத்தேனோ என்ற இடத்திலிருந்த வானிலை ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களை மேலே அனுப்பி, அவை அடித்துச் செல்லப்படும் வேகத்தைக் கருவியால் பின்தொடர்ந்து அளந்தார். முடிவுகளை உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் 1926இல் எஸ்பெராண்டோ என்ற உருவாக்கப்பட்ட பொதுமொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் மேலை நாடுகளில் அதை ஏறெடுத்துப் பார்த்தவர் அரிதாகவே இருந்தனர். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்து ஜப்பானை அடைந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள், அதே காற்றில் நேரடியாக மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் வலிமையை உணர்ந்தார்கள். ஓர் ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்பு மொழி காரணமாகக் கிடப்பில் கிடந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

காற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு சான்றுகள். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசிய இரவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, வழக்கமாக ஆறரை மணி நேரத்தை ஒட்டி ஆகும் பயணத்தை 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது. அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. பசிபிக்கின் நடுவில் இருக்கும் டஹிட்டித் தீவிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் ஏர் டஹிட்டி நுயி விமானம் வழக்கமாக லாஸ் ஏஞ்சல்ஸில் நின்று செல்லும். கொரோனா பரவலால் அமெரிக்காவில் நிற்க இயலாமல் போகவே, எங்கும் இறங்காமல் பாரிஸ் வரை பறந்தது. தூரம் 15,700 கிலோமீட்டருக்கு மேல். நேரம் 15 மணி 45 நிமிடம். சிங்கப்பூர் – நியூயார்க் பெருவட்டத் தூரத்தைவிட அதிகத் தூரத்தை அது ஏறக்குறைய மூன்று மணி நேரம் குறைவாக எடுத்துக்கொண்டு கடந்தது. தூரத்தைச் சொன்னால் நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பயணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பயணச் சீட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேரும் இடத்தில் மீண்டும் கட்டை வைத்து நிறுத்தும் வரை உள்ள நேரமே அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும், இறங்குமுன் வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். சென்ற ஆண்டுகளில் அதே பருவத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, சிறிது கூடுதலும் சேர்த்தே நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே தரையிறங்கும் விமானங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கு நோக்கிப் பறந்தால் ஊரே நம்மை நோக்கி வந்துவிடாதா? – பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்.

பதில்: தம்பி, நல்ல கேள்வி. ஓடும் ரயில் பெட்டிக்குள் நின்று ஒரு பந்தை மேலே எறிந்தால் அது உன் கைக்கே திரும்பி வருகிறது. பின்பக்கச் சுவரில் போய் மோதுவதில்லை. பந்தும் ரயிலின் வேகத்தைத் தன்னோடு வைத்திருப்பதே காரணம். விமானமும் தரையை விட்டு எழும்போது பூமியின் சுழற்சி வேகத்தோடுதான் எழுகிறது. அதைச் சூழ்ந்த வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஆகவே ஊர் விமானத்தை நோக்கி வருவதில்லை. ஆனால் பூமியின் சுழற்சிக்குப் பயண நேரத்தில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிடாதே. நிலநடுக்கோட்டுப் பகுதியிலிருந்து துருவங்களை நோக்கி நகரும் வெப்பக் காற்றைக் கிழக்குப் பக்கம் திருப்பி, மேலே நான் சொன்ன ஜெட் காற்றோட்டத்தை உருவாக்குவதில் அந்தச் சுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: கோடைக்காலத்தில் மகன் அனுப்பிய பயணச் சீட்டில், நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30க்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரில் புதன் காலை 5.10க்குச் சேரும் என்று இருக்கிறது. முப்பது மணி நேரத்துக்கு மேல் விமானத்திலேயே இருக்க வேண்டுமா? சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவள் நான்; அதனால் கேட்கிறேன். – வாசகி, கும்பகோணம்.

பதில்: இல்லை அம்மா, கவலைப்பட வேண்டாம். பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை அப்படி இருக்கும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னால் இருக்கும். மற்ற மாதங்களில் 13 மணி நேரம். நீங்கள் புறப்படும் திங்கள் இரவு 10.30 என்பது சிங்கப்பூரில் செவ்வாய் காலை 10.30. அங்கிருந்து புதன் காலை 5.10 வரை எண்ணினால் 18 மணி 40 நிமிடம். பயண நேரம் அதுதான். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிக்க வேண்டும். எந்த ஊர்ப் பயணத்துக்கும் இந்த ஒரே வழி போதும். போகும்போது இதற்கு நேர் மாறாக இருந்திருக்கும். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் இரவு 11.35க்குப் புறப்பட்டால் நியூயார்க்கில் மறுநாள் காலை 5.40க்குச் சேரலாம். ஆறே மணி நேரம் போலத் தோன்றினாலும் 18 மணி 5 நிமிடம் பறந்திருப்பீர்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, எத்தனை மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும் என்பதைப் புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்; பெட்டியோடு அனுப்பிவிட்டால் வழியில் எடுக்க முடியாது. சேரும் வரை உங்கள் கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவைத்தால் குழப்பம் வராது.

நாள் கணக்குத் தவறுவது இன்று நேற்று வந்த தொல்லையன்று. மகெல்லனின் கப்பல்களில் எஞ்சிய ஒன்று மேற்கு நோக்கியே உலகைச் சுற்றிக்கொண்டு 1522 ஜூலையில் கேப் வெர்தே தீவுகளை அடைந்தபோது, கப்பலில் நாள்தோறும் தவறாமல் எழுதிய குறிப்பில் அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களுக்கோ வியாழக்கிழமை. குறிப்பெழுதிய பிகாபெட்டா எந்த நாளையும் விட்டுவிடவில்லை. சூரியன் போகும் திசையிலேயே போய் உலகைச் சுற்றியதால் அவர்கள் ஒரு சூரிய உதயத்தைக் குறைவாகக் கண்டிருந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு தூரத்தை எல்லா விமானங்களாலும் கடக்க முடியாதா? பெரிய தொட்டியை வைத்து நிறைய எரிபொருளை நிரப்பினால் போதாதா? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: போதாது. எரிபொருளுக்கும் எடை உண்டு. அந்த எடையைத் தூக்கிச் செல்ல மேலும் எரிபொருள் வேண்டும். இந்த வழித்தடத்துக்கென்றே உருவாக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதற்கு முந்தைய சாதாரண வகையில் 1,41,000 லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 800 கிராம் என்று வைத்துக்கொண்டால் நிறைந்த தொட்டியின் எடை 130 டன்னைத் தாண்டுகிறது. தரையிலிருந்து எழும்ப இந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். அதாவது ஓடுபாதையில் ஓடும் விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருளாகவே இருக்கலாம். அதனால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இதே விமானத்தில் முந்நூறு பேருக்கு மேல் உட்கார வைக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வைத்திருப்பது 161 இருக்கைகள்.

இதற்கு முன்னால் 2004 முதல் 2013 வரை இதே நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தை நியூயார்க் பகுதிக்கு ஓட்டியது. 2008க்குப் பிறகு அதில் வெறும் 100 இருக்கைகள், எல்லாம் உயர் வகுப்பு. நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளின் விலையைத் தாங்க முடியாமல் அந்தச் சேவை நின்றது. இரண்டே எஞ்சினில், எடை குறைந்த கார்பன் இழை உடலோடு ஏ350 வந்த பிறகுதான் 2018இல் சேவை மீண்டும் தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கியது. இரண்டு எஞ்சின் விமானம் எந்த இடத்தில் இருந்தாலும், ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றதைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பது விதி. ஏ350 வகைக்கு அந்த நேரம் 370 நிமிடம் வரை நீட்டிக்கப்பட்டிருப்பதால் பெருங்கடல்களின் மேலும் துருவப் பகுதியிலும் நேர்வழி போக இயல்கிறது. துருவத்தில் இன்னொரு கவலையும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை கழித்தல் 47 பாகை செல்சியஸ். வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருக்கும் நாட்களில் இறக்கைத் தொட்டியின் வெப்பநிலையை விமானிகள் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விமானிகளும் நால்வர். மாறி மாறித் தூங்கி எழுந்து ஓட்டுகிறார்கள்.

கேள்வி: போர்களால் விமான வழிகள் நீண்டுவிட்டன என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திருச்சி.

பதில்: உண்மைதான். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டிப் பறந்துகொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள், வட துருவத்தின் மேலாகவோ தெற்கே ஆசியாவைச் சுற்றியோ 13 மணி நேரம் வரை பறக்க நேர்ந்தது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்க, பயணம் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிட்டது. பனிப்போர்க் காலத்திலும் இதே நிலைதான். அன்றும் சோவியத் வான்பரப்பு மூடியே கிடந்ததால், 1957இல் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோவுக்குத் துருவ வழியைத் திறந்தது.

கேள்வி: ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று சிட்னியிலிருந்து லண்டனுக்கு இருபது மணி நேரம் பறக்கப் போகிறதாமே. வரலாற்றிலேயே மிக நீண்ட நேரப் பயணம் அதுவாகத்தானே இருக்கும்? – வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: தூரத்தில் அதுவே முதலிடம் பெறும், சிட்னிக்கும் லண்டனுக்கும் பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். குவாண்டாஸ் நிறுவனம் 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயரிட்டிருக்கும் இந்தத் திட்டத்துக்காக 2019இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடத்திய சோதனைப் பறத்தல் 19 மணி 19 நிமிடம் எடுத்தது. ஆனால் நேரத்தில் இதையெல்லாம் விஞ்சிய பயணிகள் சேவை ஒன்று உங்கள் தீவிலேயே வந்து இறங்கியிருக்கிறது. திட்டத்தின் பெயரே அந்தச் சேவையை நினைவுகூரத்தான் வைக்கப்பட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த விமானத் தொடர்பு அறுந்தது. அதை மீட்க 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தார், நீரிலிருந்து எழும்பி நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்களை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்கு ஓட்டினார்கள். தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும். மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஊர்ந்த கேட்டலினாவுக்கு 27 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை ஆனது. கூடுதல் தொட்டிகளில் எரிபொருளை நிரப்பியதால் அதிகபட்சம் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். மீதி இடத்தில் முக்கியமான தபால் பைகள். எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வானொலியில் பேசாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்தார்கள். அந்த வழியில் பதிவான மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் காண நேர்ந்ததால் அதை இரட்டைச் சூரியோதயப் பயணம் என்று அழைத்தார்கள். ஒவ்வொரு பயணிக்கும், இவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே இருந்தார் என்று சான்றளிக்கும் ஒரு தாள், இறங்கியபின் கையில் தரப்பட்டது.